வேதியியல் மனப்பாங்கு, அனுபவ வினாநிரல்

பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்கள் வேதியியலை எப்படிப் பார்க்கிறார்கள், தம்மால் அதைக் கற்க முடியும் என்று எவ்வளவு நம்புகிறார்கள் என்பதை அளக்கும் கருவி. நியூசிலாந்தின் ஜசிந்தா டால்கெட்டி, ரிச்சர்ட் கோல், அலிஸ்டர் ஜோன்ஸ் ஆகியோர் இதை 2003இல் வெளியிட்டனர். மனப்பாங்கு, தன்திறன் நம்பிக்கை, கற்றல் அனுபவம் மூன்றையும் இது தனித்தனியே விசாரிக்கிறது. தன்திறன் நம்பிக்கை, உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் விளக்கிய கருத்து; அது பொதுவான துணிச்சல் அல்ல, குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்துமுடிக்க முடியும் என்ற எண்ணம். ஆகவே ‘வேதியியல் வருமா?’ என்று மொத்தமாகக் கேட்டால் போதாது. ஒவ்வொரு வேலையாகக் கேட்க வேண்டும். பாடத்தை விரும்பியும் ஆய்வகத்தில் கை நடுங்கும் மாணவரை மதிப்பெண் பட்டியல் அடையாளம் காட்டுவதில்லை. இக்கருவியின் பெருமதிப்பு அங்கேதான். அமெரிக்காவில் கிறிஸ்டோபர் பாவர் 2008இல் 20 எதிர்ச்சொல் இணைகள் கொண்ட வேறொரு கருவியால் மனப்பாங்கை மட்டும் அளந்தார். 2011இல் வந்த அக்கருவியின் திருத்தப் பதிப்பில் இணைகள் 8 ஆகக் குறைந்தன.