நாற்பதாயிரம் சக்கரத்துக்குப் பேசிய காரைக்கால்



சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு பழைய திண்ணை வீடு கைமாறியது. வீட்டுக்காரருக்கு மனைவியின் வைத்தியச் செலவுக்கு அவசரமாகப் பணம் வேண்டியிருந்தது. ஒருவர் வந்தார், விலை பேசினார், சிறிய தொகையை முன்பணமாகக் கொடுத்து மூன்று மாதத்துக்கு அக்ரிமெண்ட் போட்டுக்கொண்டார். பத்திரம் பதிவு செய்யும் நாளில் வாங்க வந்தவர் வேறு ஆள். முதலில் வந்தவர் நடுவில் பெரிய லாபம் பார்த்துவிட்டார். "நான் கேட்ட விலையைத்தானே கொடுத்தார்கள், பிறகு ஏன் சார் மனசு கேட்க மாட்டேங்குது?" என்று வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். அன்று மாலை துய்மா வீதியில் நடந்தபோது, அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த மனிதர் பேசிய ஒரு பேரம் நினைவுக்கு வந்தது.

பெனுவா துய்மா 1735 முதல் 1741 வரை புதுச்சேரியின் கவர்னர். துணி வாங்கவும் நெல் பெறவும் காவிரிக் கடைமடையில் ஒரு துறைமுகம் கிடைத்தால் நல்லது என்று பிரெஞ்சுக் கம்பெனி எண்ணியிருந்தது. 1738இல் அதற்கு வாய்ப்பு வந்தது. தஞ்சை மராட்டிய அரசர் சாகுஜி அரியணையை இழந்து உதவி தேடிக்கொண்டிருந்தார். காரைக்கால் ஊரையும், கருக்களாச்சேரிக் கோட்டையையும், சில கிராமங்களையும் தருவதாகச் சொன்னார். விலை 40,000 சக்கரம். சக்கரம் என்பது தஞ்சைச் சீமையில் புழங்கிய பொன் நாணயம்.

இடம் நல்ல இடம், விற்பவருக்கோ நெருக்கடி. இதைவிட வாங்குபவருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் சாகுஜி மறுபடி அரியணை ஏறிவிட்டார். நெருக்கடி தீர்ந்ததும் பேச்சு மாறியது. பக்கத்தில் நாகப்பட்டினத்தில் இருந்த டச்சுக்காரர்களுக்கும் பிரெஞ்சுக்காரர் அங்கே வருவது பிடிக்கவில்லை. காரைக்கால் கைக்கு வரவில்லை.

அப்போதுதான் நடுவில் ஒருவர் வந்தார். திருச்சிராப்பள்ளியைப் பிடித்து வைத்திருந்த சந்தா சாகிப் அவர். தஞ்சையோடு அவருக்கு ஏற்கெனவே பகை. தம் படையை அனுப்பிக் காரைக்காலைப் பிடித்து பிரெஞ்சுக்காரர் கையில் கொடுத்தார். 1739 பிப்ரவரி 14 அன்று காரைக்கால் பிரெஞ்சு வசம் வந்தது. தமக்குச் சொந்தமில்லாத இடத்தை இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். அவர் பெற்ற பலன் பிறகு தெரிந்தது. 1740இல் ரகுஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை கர்நாடகத்தில் புகுந்தபோது சந்தா சாகிப்பின் குடும்பம் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தது. அவர்களை ஒப்படைக்கச் சொல்லி ரகுஜி கேட்டபோது துய்மா மறுத்துவிட்டார்.

இடம் கைக்கு வந்ததோடு பேரம் முடிந்துவிட்டதா? இல்லை. ஆண்டுதோறும் தஞ்சைக்குக் குத்தகை கட்ட வேண்டியிருந்தது. சாகுஜிக்குப் பின் வந்த பிரதாப சிங்கிடம் 1740 பிப்ரவரி 12 அன்று மேலும் எட்டுக் கிராமங்களை 60,000 சக்கரம் கொடுத்து வாங்கினார்கள். முதலில் பேசிய மொத்த விலையை விட இந்த எட்டுக் கிராமத்துக்கு அதிகம்! இப்போது விற்பவர் அரியணையில் உறுதியாக உட்கார்ந்திருந்தார். எனவே விலையும் உறுதியாக இருந்தது.

அந்த நிலையும் நீடிக்கவில்லை. 1749 இறுதியில் சந்தா சாகிப்பும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையோடு வந்து தஞ்சையை முற்றுகையிட்டார்கள். அதன் முடிவில் செய்த உடன்படிக்கையில் பிரதாப சிங் 81 கிராமங்களைப் பிரெஞ்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்தார். ஆண்டுக் குத்தகையும் ரத்தானது. அங்கே பேரமே கிடையாது. கோட்டை வாசலில் பீரங்கி நின்றால் யார் விலை கேட்பார்கள்?

இன்றும் காரைக்கால் நம் யூனியன் பிரதேசத்தில் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளித் தனியாக இருப்பதன் தொடக்கம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இதிலிருந்து எனக்குப் பட்டது இவ்வளவுதான். ஒரே சீமையின் மண்ணுக்கு ஒரு முறை 40,000, இன்னொரு முறை 60,000, கடைசியில் ஒன்றுமே இல்லை. மாறியது மண்ணின் தரம் அல்ல. விற்பவர் நின்ற நிலைமைதான் மாறியது. வாங்க வருபவர் நிலத்தைப் பார்ப்பதற்கு முன் நம் முகத்தைப் பார்க்கிறார்.

ஆகவே வயதான நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டை விற்க நேர்ந்தால் எவ்வளவு அவசரம் என்பதை முதலில் வாய் திறந்து சொல்லிவிடாதீர்கள். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். அக்ரிமெண்டில் "தாங்களோ தாங்கள் சொல்லும் நபருக்கோ" என்ற வரி இருந்தால், நிறுத்தி ஒருமுறை படியுங்கள். அந்த ஒரு வரிதான் மூன்றாவது ஆளை உள்ளே கொண்டுவருகிறது. அதில் குற்றம் ஏதும் இல்லை, ஆனால் தெரிந்து கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் தெரு நண்பருக்கு இதைச் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். சொல்லியிருக்கலாம்தான். அதற்காகவே இப்போது எழுதிவைக்கிறேன்.