வைத்தியச் செலவு யார் தலையில்?

1953ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் பழைமைபேண் கட்சி அரசு, கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் கில்போவின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. தேசிய சுகாதார சேவை வரிப்பணத்தை விழுங்குகின்றது என்பதே அன்றெழுந்த கூக்குரல். 1948 ஜூலை 5இல் அனூரின் பெவன் தொடக்கிவைத்த அச்சேவைக்கு, மதிப்பீட்டை விஞ்சிய செலவு ஏற்பட்டது உண்மையே. மூக்குக்கண்ணாடிக்கும் பொய்ப்பற்களுக்கும் மக்கள் திரண்டனர். ஊதாரித்தனம் என்றனர் சிலர். பார்வை மங்கியும் பல்லிழந்தும், கையிற் காசில்லாமையால் வாளாவிருந்தோர் எத்தனை பேர் என்பதையே அக்கூட்டம் காட்டிற்று என்போம் நாம். 1951இல், கொரிய யுத்தகால ஆயுதச் செலவு பெருகியபோது, தொழிற்கட்சி அரசே இவற்றுக்குக் கட்டணம் விதித்தது. பெவன் பதவி துறந்தார்.

1956இல் வெளிவந்த கில்போ அறிக்கை கூக்குரலிட்டோருக்கு இனித்திராது. மொத்தத் தேசிய உற்பத்தியில் இச்சேவையின் பங்கு 1949–50இல் 3.75 வீதம், 1953–54இலோ 3.25 வீதம். ஊதாரித்தனம் எதனையும் குழு காணவில்லை.

ஐக்கிய அமெரிக்கா சென்ற வழி வேறு. அதுவும் ஆராய்ந்து தெரிந்த வழியன்று. 1942இல் யுத்தகாலச் சட்டமொன்று கூலியுயர்வைக் கட்டுப்படுத்தியது. காப்புறுதிச் சலுகைகளுக்கு விலக்களித்தது. ஆட்பஞ்சத்தால் வாடிய முதலாளிமார், கூலிக்குப் பதிலாக வைத்தியக் காப்புறுதியைக் காட்டித் தொழிலாளரை ஈர்த்தனர்.

முதலாளி தருகின்றார் என்னும் இத்தோற்றமே பெருமயக்கம். அவர் கட்டும் காப்புறுதிப் பணம், பெரும்பாலும் தொழிலாளி கூலியாகப் பெற்றிருக்கவேண்டிய பணமே. அப்பணத்துக்குத் தொழிலாளி வருமான வரி செலுத்தவேண்டியதில்லை என 1954ஆம் ஆண்டு வரிச்சட்டம் உறுதிசெய்தது. அரசு வாங்காதுவிட்ட வரியும் பொதுப்பணந்தானே? அதிலும், உயர்ந்த சம்பளக்காரருக்கே வரிமிச்சம் அதிகம். வரியால் நடக்கும் வைத்தியம் ஒன்று, முதலாளியால் நடக்கும் வைத்தியம் மற்றொன்று எனப் பிரித்துப் பேசுவோர் இதனைக் கணக்கிற் சேர்ப்பது அரிது.

வேலைவிட்ட முதியோரையும் வறியோரையும் இம்முறை எட்டவில்லை. 1965இல் மெடிக்கெயார், மெடிக்கெயிட் திட்டங்களால் அவர்களை அரசே ஏற்கவேண்டியதாயிற்று. செலவு மிகுந்த நோயாளர் பொதுப்பணத்துக்கு. உழைக்கும் வயதினர் காப்புறுதிக் கம்பெனிகளுக்கு!

1960இல் அமெரிக்காவின் வைத்தியச் செலவு தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ 5 வீதம். 2022இல் 17 வீதத்துக்கும் மேல். அவ்வாண்டு பிரித்தானியாவிலே 11 வீதமளவு. அங்கே சத்திரசிகிச்சைக்கு நெடுநாட் காத்திருக்கும் அவலத்தை நாம் மறைக்கவில்லை. ஆனால் 2020இல், கொரோனாத் தொற்று மூண்ட மாதங்களிலே, அமெரிக்கத் தொழிலாளர் பலர் வேலையோடு வைத்தியக் காப்புறுதியையும் ஒருங்கே இழந்தனர்.