செங்கோட்டையில் ஒரு மாலைக் கூத்து

தில்லி மோதி பாக்கில் குடியிருக்கும் நம்மவர் அங்குள்ள குருத்துவாராவைப் பன்முறை கடந்து சென்றிருப்பர். 1707ஆம் ஆண்டில் குரு கோவிந்த சிங் தங்கியிருந்த இடம் அது. தாம் வந்து சேர்ந்ததை அறிவிக்க அவர் அங்கிருந்து செங்கோட்டையை நோக்கி அம்பு எய்தார் என்பது சீக்கியர்களின் ஐதிகம். இடையே பத்துக் கிலோமீட்டர் தொலைவு! அம்பின் வேகத்தை அளந்து பார்ப்பது நம் வேலையன்று. தில்லிக்கு வந்தவர் எவராயினும் தம் வருகையைக் கோட்டைக்கு உணர்த்த விரும்பினர் என்பதே அக்கதையில் நம் கருத்தைக் கவர்வது. 1783இல் பகேல் சிங் படையோடு வந்து கோட்டைக்குள்ளேயே புகுந்தார். மோதி பாக்கில் குருத்துவாரா எழுந்தது அதன் பின்னரே.

இன்று அம்பு வேண்டா. மோதி பாக்கில் மெட்ரோ ரயில் ஏறி, லாஜ்பத் நகரில் வண்டி மாறினால், கோட்டை வாயிலருகே இறங்கி விடலாம். அவ்வாறே நாம் ஒரு மாலை, 'ஜெய்ஹிந்த்' என்னும் ஒலி ஒளிக் காட்சியைக் காணச் சென்றோம். செங்கோட்டையில் ஒலி ஒளிக் காட்சி புதிதன்று. 1960களிலேயே தொடங்கிய வழக்கம். அந்நாளில் குரல் மட்டும் கேட்கும், விளக்கு மட்டும் மாறும். 2023 ஜனவரியில் தொடங்கிய இப்புதிய காட்சியிலோ, வேடம் புனைந்த நடிகர்களும் நடனக்காரர்களும் பொம்மைகளும் நம் கண்ணெதிரே வருகின்றனர். மாளிகைச் சுவர்களே திரைகளாகின்றன. மராட்டியர் எழுச்சி, 1857ஆம் ஆண்டுப் போர், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம், அதன் மீது நடந்த வழக்கு என முந்நூறு ஆண்டுக் கதை ஒரு மணி நேரத்தில் ஓடி முடிகிறது. நம் கிராமத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய ஒரே ஒருவனுடைய கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வேகம் சற்று மூச்சுமுட்டத்தான் செய்யும்.

வேடத்தை விடக் கட்டடமே அதிகம் பேசுகிறது என்பது நம் எண்ணம். ஷாஜகான் 1639இல் தொடங்கி 1648இல் முடித்த கோட்டை இது. 1739இல் நாதிர்ஷா மயிலாசனத்தைக் கொண்டு போனான். 1857க்குப் பின் ஆங்கிலேயர் உள்ளிருந்த அரண்மனைப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டுப் படைவீடுகள் கட்டினர். எஞ்சிய மண்டபங்களைப் பிற்காலத்தில் சீர்செய்து வைத்ததையே நாம் காண்கிறோம். நாடு விடுதலை பெற்ற பின்னும் நம் ராணுவம் அங்கேயே இருந்து, 2003 டிசம்பரில்தான் வெளியேறியது.

கடைசி முகலாய மன்னர் பகதூர்ஷாவை 1858இல் குற்றவாளியாக நிறுத்தியதும் இக்கோட்டையில்தான். அவர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு 1862இல் அங்கேயே மாண்டார். 1943இல் நேதாஜி அவருடைய சமாதிக்குச் சென்று வணங்கினார். 'தில்லிக்குச் செல்வோம்' என்ற முழக்கத்தில் தில்லி என்றது செங்கோட்டையையே. அம்முழக்கத்தைக் கேட்டு எழுந்தவர்களில் மலாயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர். ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்திய பெண்களில் பெரும்பாலோர் அத்தோட்டக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராதவர் அவர்களில் பலர். அப்படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி.

அப்படியிருக்க, 1945 நவம்பர் 5ஆம் தேதி கோட்டைக்குள் விசாரணை தொடங்கியபோது குற்றவாளிகளாக நின்றவர் மூவர்: ஷா நவாஸ் கான், பிரேம் சகல், குர்பக்ஷ் சிங் தில்லான். தமிழர் எங்கே என்று நம்மவர் கேட்பது இயல்பு. காரணம் எளிது. ராணுவ நீதிமன்றம் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவரையே விசாரிக்கும். மூவரும் பிரிட்டிஷ் இந்தியப் படையின் அதிகாரிகள். மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள். பால்மரம் சீவிக்கொண்டிருந்த தொழிலாளி எந்த மன்னருக்கும் பிரமாணம் செய்யவில்லை. மீறுவதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. ஆகவே அவன் வழக்கிலும் இல்லை, வழக்கேட்டிலும் இல்லை. ஏட்டை வைத்துக் கூத்துக் கட்டுவோர் கண்ணுக்கு அவன் எளிதில் தென்படாமற் போவதில் வியப்பென்ன?

புலாபாய் தேசாய் வாதாடினார். நேரு பல்லாண்டுகளுக்குப் பின் வழக்கறிஞர் அங்கி தரித்து வந்து அமர்ந்தார். டிசம்பர் 31ஆம் தேதியோடு விசாரணை முடிந்தது. மூவருக்கும் ஆயுள் முழுவதும் நாடு கடத்தல் எனத் தீர்ப்பாயிற்று. நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பைக் கண்ட தளபதி ஆக்கின்லெக், சில நாட்களிலேயே அத்தண்டனையை நீக்கினார். சகல் 1947இல் டாக்டர் லட்சுமியை மணந்தார். அப்பெண்படையில் லட்சுமிக்கு அடுத்த நிலையில் இருந்த மலாயாத் தமிழர் ஜானகி ஆதி நாகப்பனுக்கு நம் அரசு 2000ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளித்தது.

கூத்தைக் கண்டு வந்தவர் மற்றொரு நாள் பகலிலும் செல்வது நன்று. ஆங்கிலேயர் கட்டிய படைவீடு ஒன்றில் 2019 ஜனவரி 23 அன்று நேதாஜிக்கும் அவர் படைக்கும் ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கின்றனர். அடுத்தாற்போலிருக்கும் சலீம்கர், 1546இல் சூர் வமிசத்தார் ஆற்றோரக் காவலுக்கென எழுப்பிய கோட்டை. இந்திய தேசிய ராணுவத்தார் சிறை இருந்த இடம். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: திங்கட்கிழமை கோட்டைக்கு விடுமுறை.