அடிப்படைப் பௌதிகமும் படைத்துறைப் புரவலரும்

புலவனுக்கும் புரவலனுக்குமிடையிலான உறவு தமிழிலக்கிய வரலாற்று மாணவர் நன்கறிந்த பொருளாகும். வேந்தன் வழங்கிய பரிசில் புலவனின் பாட்டைப் பொய்யாக்கிவிடவில்லை; ஆயின் எது பாடுபொருளாதல் வேண்டும் என்பதைப் பெரிதும் வரையறுத்தது. போரும் கொடையும் புறப்பாடல்களில் விரிந்த அளவுக்கு உழவனின் வாழ்வு விரியவில்லை. சமூகச் சார்பற்றதெனக் கருதப்படும் அடிப்படைப் பௌதிகத்தைக் குறித்தும் இவ்வினாவை எழுப்புதல் பொருந்தும். 1931 இல் இலண்டன் மாநாடொன்றில் போரிஸ் ஹெஸ்சன், நியூற்றனின் இயக்கவியலை அக்காலக் கடற்பயணம், சுரங்கத்தொழில், பீரங்கி ஆகியவற்றின் தேவைகளோடு தொடர்புபடுத்திக் காட்டியமை இவ்வழியில் முன்னோடி முயற்சியாகும்.

இதற்கான சான்றை நம் நாட்டிலிருந்தே தொடங்கலாம். இலங்கையின் கனிய அளவைப் பணிப்பாளராயிருந்த ஆனந்த குமாரசுவாமியின் ஆய்வால், தோரியனைற்று என்னும் கதிர்வீச்சுக் கனியம் 1904 இல் உலகுக்கு அறிமுகமாயிற்று. அவ்வளவையை நடத்திய குடியேற்ற அரசின் நாட்டம் வணிகப் பயனைச் சார்ந்தது. படைத்துறைக்கு அதில் அன்று அக்கறை இருக்கவில்லை. இலண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்திற் பயின்ற ஜேர்மானிய இளைஞர் ஒட்டோ ஹான், இலங்கைக் கனியத்திலிருந்து பெற்ற பொருளை ஆராய்ந்தே 1905 இல் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். அதே ஹான், ஸ்ட்ராஸ்மனுடன் சேர்ந்து 1938 டிசம்பரில் யுரேனியம் பிளவுறுவதற்கான இரசாயனச் சான்றைக் கண்டார். ஏழாண்டுகளுக்குள் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தன.

போர் முடிந்த பின்னரும் படைத்துறைப் பணம் ஆய்வுகூடங்களை விட்டு நீங்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் தேசிய விஞ்ஞான நிறுவனம் 1950 இல் தோன்றுமுன், 1946 இல் அமைந்த கடற்படை ஆய்வு அலுவலகமே பல்கலைக்கழக அடிப்படை ஆய்வுகளின் முதன்மைப் புரவலராயிற்று. மில்லிமீற்றர் அலைகளை உண்டாக்கும் வழிதேடிக் கடற்படை அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சார்ல்ஸ் டவுன்ஸ். 1951 இல் அக்குழுவின் கூட்டத்திற்காக வாஷிங்டன் சென்றிருந்தபோதே மேசர் பற்றிய எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1954 இல் மேசர் இயங்கிய கொலம்பியா ஆய்வுகூடம் முப்படைகளின் பணத்தில் நடந்தது. பத்தாண்டுகளின் பின் பென்சியாசும் வில்சனும் பேரண்டத்தின் பழைய கதிர்வீச்சைக் கண்டபோது அவர்களது கருவியில் அமைந்திருந்ததும் ஒரு மேசர்ப் பெருக்கியே.

ஆகவே படைப்பணத்தால் விளைந்த அறிவைப் போலியறிவெனத் தள்ளுதல் இயங்கியல் நோக்காகாது. அவ்வறிவு மெய்யே. ஆனால் எண்ணற்ற வினாக்களுள் எவற்றுக்குக் கருவியும் ஆளும் காலமும் கிடைத்தன என்பதைப் பணம் வகுத்தோரே முடிவுசெய்தனர். வியட்நாம் போரின்போது, 1969 மார்ச் 4 ஆம் திகதி, மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் அறிஞரும் மாணவரும் ஒருநாள் ஆய்வை நிறுத்தி இதனைக் கேள்விக்குள்ளாக்கினர். நேரடிப் படைப்பயனற்ற ஆய்வுக்குப் பாதுகாப்புத் திணைக்களம் பணம் வழங்கலாகாதென மான்ஸ்ஃபீல்ட் திருத்தம் அவ்வாண்டே விதித்தது. அடுத்த ஆண்டில் அது தளர்த்தப்பட்டது. 'அடிப்படை' எது, 'படைப்பயன்' எது என்னும் எல்லை பாதீட்டு மேசையில் வரையப்படுவதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகிறது.

உக்குவளையில் வாழும் நமக்கு இவ்வுண்மை தொலைவானதன்று. பொல்கொல்லையிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கவழியாக வரும் மகாவலி நீர், 1976 முதல் இங்கு மின்னை ஆக்கிவிட்டுச் சுதுகங்கையிற் கலந்து வறண்ட வலய வயல்களை நோக்கிச் செல்கின்றது. அம்மின்பிறப்பாக்கியின் அடிப்படை 1831 இல் ஃபரடே கண்ட விதி. அதே விதியே போர்க்கப்பலுக்கும் மின்னூட்டுகிறது. இங்கு அதனை வேளாண்மையோடு இணைத்தது பொதுத்தேவை என்னும் புரவலர். நமது பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வுநிதி வரும்போது, அதன் தொகையை அறிவதோடு நாம் அமைந்துவிடலாகாது. எவ்வினாக்கள் அந்நிதியால் எழுகின்றன, எவை கேட்கப்படாமலே மறைகின்றன என்பதையும் ஆராய்தல் நம் கடனாகும்.