நான்கு மாடு வைத்திருப்பவருக்கும் அதே சட்டம்தான்: சிறு பால் பண்ணையும் உணவுப் பாதுகாப்பு விதிகளும்

தோட்டப்புறத்தில் மரம் சீவிய குடும்பங்கள் பலவற்றுக்கு மாடுதான் இரண்டாவது சம்பளமாக இருந்தது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறிய பிறகும், வீடமைப்புப் பகுதிகளாக ஆன பிறகும், நான்கு மாடு, எட்டு மாடு என்று வைத்துக்கொண்டு பால் விற்கும் நம்மவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் தைப்பூசப் பால்குடத்திற்கும் நாம் தேடிப் போவது அவர்களைத்தான். அதிகாரி வந்து கேட்கும்வரை உணவுச் சட்டம் தங்களுக்கும் பொருந்தும் என்பதை அவர்களில் சிலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

முன்பு 1952-ஆம் ஆண்டின் உணவு, மருந்து விற்பனைச் சட்டம் இருந்தது. இப்போது நடப்பில் இருப்பவை 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் அதன்கீழ் வந்த 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளும் ஆகும். பசும்பாலில் கொழுப்பு 3.25 விழுக்காட்டுக்கும், கொழுப்பல்லாத திடப்பொருள் 8.5 விழுக்காட்டுக்கும் குறையக்கூடாது. தண்ணீர் சேர்க்கக்கூடாது, பால்மாவும் கலக்கக்கூடாது. பாலின் தரத்தைப் பொறுத்தவரை நான்கு மாட்டுக்கு ஒரு விதி, நானூறு மாட்டுக்கு ஒரு விதி என்று பிரிவு கிடையாது. உடல்நலத்திற்குக் கேடு செய்யும் உணவை விற்றதாக நிரூபிக்கப்பட்டால் 100,000 ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்பவர்கள் பினாங்கில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டுப் பண்ணை நடத்திய 45 வயது ஆடவர் ஒருவர் மூன்று வாரமாகக் காய்ச்சல், தலைவலி, வியர்வை, கடும் சோர்வு என்று மருத்துவமனைக்கு வந்தார். டிங்கி இல்லை, மலேரியா இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை. பண்ணைப் பாலைக் காய்ச்சாமல் குடித்ததாகவும், அதையே மற்றவர்களுக்கும் விற்றதாகவும் அவர் சொன்ன பிறகுதான் புருசெல்லா கிருமிக்கான ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது. நோய் உறுதியானது. அடுத்த ஓராண்டில் அதே பண்ணைப் பாலைக் குடித்த 79 பேருக்கு அந்த நோய் கண்டறியப்பட்டது. அவர்களில் இருவர் பண்ணைத் தொழிலாளர்கள். ரத்த மாதிரிகளைக் கையாண்ட ஆய்வுக்கூட ஊழியர்கள் நால்வருக்கும் நோய் தொற்றியது.

அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் இன்னதென்று தெரிய சராசரியாக 53 நாள் ஆனது. ஒருவருக்கு 210 நாள். பெரும்பாலோருக்கு ஆறு வாரம் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அப்படியும் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நோய் திரும்பி வந்தது. முதலில் படுத்தவர் பண்ணைக்காரர்தான் என்பதைக் கவனியுங்கள். கன்று கலைந்த மாட்டையோ ஆட்டையோ வெறுங்கையால் தொடும் வீட்டாருக்குத்தான் வாங்குபவரைவிட ஆபத்து அதிகம்.

பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் பழக்கம் நல்ல பாதுகாப்பு. அந்தச் சூட்டில் புருசெல்லா, காசநோய்க் கிருமி, சால்மோனெல்லா எல்லாம் செத்துவிடும். 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் அல்லது 72 டிகிரியில் 15 விநாடி என்று ஆலைகள் செய்வதும் கிருமியைக் கொல்வதற்காகத்தான். ஆட்டுப்பாலை மட்டும் மருந்து என்று நம்பிப் பச்சையாகக் குடிப்பவர்கள் உண்டு. அபிஷேகப் பாலும் காய்ச்சாத பால்தான். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் அதைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் காய்ச்சிக் கொடுப்பதில் குறை ஒன்றும் இல்லை.

அடுத்தது மருந்து. மடிநோய்க்கு ஊசி போட்டால், மருந்துப் பெட்டியில் குறிப்பிட்டிருக்கும் நாள்வரை அந்த மாட்டின் பாலை விற்கக்கூடாது. பாலில் தங்கும் கால்நடை மருந்துக்கு 1985 விதிமுறைகளிலேயே வரம்பு உண்டு. ஆன்டிபயாடிக் தங்கிய பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது. தயிர்க்காரப் பாட்டிகளுக்கு இது அனுபவத்தில் தெரியும். ஒரு மாட்டின் பால் போதும், கொள்கலன் முழுவதையும் கெடுத்துவிடும். எந்த மாட்டுக்கு, எந்தத் தேதியில், என்ன மருந்து என்று ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்தில் எழுதி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதிகாரி வந்தால் முதலில் கேட்பதும் அந்தப் பதிவைத்தான்.

கறந்த பால் நம் நாட்டு வெயிலில் நீண்ட நேரம் தாங்காது. சீக்கிரமாக 4 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். தனிக் குடும்பம் குளிரூட்டும் தொட்டி வாங்குவது பெரிய செலவு. கால்நடைச் சேவைத் துறையின் பால் சேகரிப்பு மையங்கள் இதற்குக் கைகொடுக்கின்றன. பாலைச் சோதித்து, தரத்திற்கேற்ப விலை கொடுக்கிறார்கள். வீடு வீடாக விற்றால் கிடைக்கும் விலை அங்கே கிடைக்காது என்பது உண்மை. ஆனால் மிச்சப் பாலை என்ன செய்வது என்ற கவலை இல்லை.

வீட்டில் தயிர், நெய், பன்னீர் செய்து விற்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் உணவு தயாரிப்பாளர் ஆகிவிடுகிறீர்கள். அப்போது 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள் பொருந்தும். இடத்தைச் சுகாதார அமைச்சிடம் பதிய வேண்டும், உணவு கையாளுவோர் பயிற்சிக்குப் போக வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட வேண்டும். ஊசியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் போட வேண்டும். சிறு தயாரிப்பாளர்களுக்கென்றே அமைச்சு வைத்திருக்கும் சான்றிதழ் மெஸ்தி. அதற்குக் கட்டணம் இல்லை. பேரங்காடியில் பொருளை வைக்க விரும்புவோருக்கு அது கட்டாயம் உதவும்.

பண்ணைக்கு மைகேப் சான்றிதழ் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய இத்திட்டத்தில் கொட்டகையின் தூய்மை, தண்ணீர், தீவனம், மருந்துப் பதிவு, கழிவு எல்லாம் பார்க்கப்படும். இவற்றில் எதுவும் ஒரு குடும்பத்தால் செய்ய முடியாதது அல்ல. சிக்கல் நிலத்தில்தான் வருகிறது. நிலம் யாருடையது என்ற கேள்விக்குப் பலரிடம் தாள் இல்லை. தோட்ட நிர்வாகம் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம், அல்லது அரசாங்க நிலத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பருடன் முடிகிறது. அடுத்த ஜனவரியில் இடம் இருக்குமா என்று தெரியாதவர் சிமெண்டுத் தரையும் கழிவுக் குளமும் கட்டுவாரா? விதியைத் தளர்த்தச் சொல்வதைவிட, மாட்டுக்காரர்களுக்கு நீண்டகாலக் குத்தகை கேட்டு நிற்பதே நம் சங்கங்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் செய்ய வேண்டிய வேலை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பதிவு செய்ய விரும்புவோர் முதலில் மாவட்டக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்திற்குச் செல்லலாம். தயிர், நெய் விற்போர் மாவட்டச் சுகாதார அலுவலகத்தையும் அணுக வேண்டும். அடையாள அட்டை, நில உரிமமோ நில உரிமையாளரின் அனுமதிக் கடிதமோ, மாடுகளின் எண்ணிக்கை, மருந்துப் பதிவுப் புத்தகம் ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லுங்கள். மந்தைக்கு புருசெல்லா, காசநோய்ப் பரிசோதனை செய்யும்படியும் அப்போதே கேளுங்கள்.