உறைபனித் தடத்தில் சைக்கிள்: சில குறிப்புகள்

போன தை மாசம் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். டொரோண்டோ பக்கம் வேலை பார்க்கிறான். வீட்டிலிருந்து வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறான், குளிர்காலத்திலும். படத்தில் இருந்தது சைக்கிளின் பின்சக்கரம் மட்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ இறுகி அப்பியிருந்தது. சக்கரம் சுற்றாது என்று பார்த்ததுமே தெரிந்தது. "பாதி கரைஞ்ச ஸ்னோ, மாமா. ஆணி வச்சு நோண்டி எடுத்துட்டுத்தான் கிளம்புனேன்" என்று கீழே எழுதியிருந்தான்.

அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "நம்ம கரிசச் சகதி மாதிரில்ல இருக்கு. அங்கயும் இந்தக் கூத்துதானா?" என்றாள்.

அந்தக் கேள்விதான் பதினைந்து நாள் என்னைப் படிக்க வைத்தது. பனியில் சைக்கிள் ஓட்டுவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் டயர் வருகிறது, இரும்பு ஆணி வருகிறது, தங்க வேட்டைக்காரர்கள் வருகிறார்கள். ஆனால் நான் தேடிப் போன இடத்தில் கடைசியில் கிடைத்தது வேறு. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கதை. விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் நாற்கரச் சாலையில் சூலக்கரை. எங்கள் வீடு அப்போது அங்கிருந்து உள்ளே, காட்டுப்பாதையில் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊரில் இருந்தது. (எங்க பக்கம் காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை, மானாவாரி நிலம்.) கரிசல் மண். வெயில் காலத்தில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் ரெண்டு மழை விழுந்தால் போதும், களிமண் தண்ணீரைக் குடித்து உப்பி, தொட்டதெல்லாம் ஒட்டும். சைக்கிளை உருட்டிக்கொண்டு பத்தடி போனால் டயரில் ஒரு சுற்று மண் ஏறும், இருபதடியில் மட்கார்டு அடைத்துக்கொள்ளும், அதற்கப்புறம் சைக்கிள் உங்களைச் சுமக்காது, நீங்கள்தான் அதைத் தோளில் சுமக்கணும். விவரமான ஆட்கள் மழைக்காலத்தில் மட்கார்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் கேரியரில் ஒரு குச்சியைச் செருகியிருப்பார்கள், வழிச்சு எடுக்க.

அப்பாவிடம் ஒரு ஹெர்குலிஸ் இருந்தது. இங்கிலாந்துப் பெயர், ஆனால் செய்தது சென்னையில்: 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ். அந்த சைக்கிளின் கேரியரில் உட்கார வைத்துத்தான் அக்காவைக் காலையில் மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுவார். மழைக்காலத்தில் அது முடியாது. ஒன்பதாம் வகுப்பில் ஐப்பசியும் கார்த்திகையுமாக அவள் போகாத நாட்களே அதிகம். அரையாண்டுப் பரீட்சை எழுதவில்லை. பொங்கலுக்கு அப்புறம் பள்ளிக்கூடமே போகவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேலை வீட்டுக்கே வந்தது, பெட்டி ஒட்டுகிற வேலை. மழையோ வெயிலோ, அந்த வேலையைக் கொண்டுவந்து கொடுக்க மட்டும் எப்படியோ ஆள் வந்துகொண்டே இருந்தார்.

இனி பனிக்கு வருவோம். நம்மிடம் இதற்குச் சொல் பஞ்சம் உண்டு. மார்கழியில் புல்லில் நிற்பதும் பனிதான், கனடாவில் இடுப்பளவு கொட்டுவதும் பனிதான். மண்ணுக்கு மட்டும் கரிசல், செவல், வண்டல், களர், சேறு, சகதி, புழுதி என்று எத்தனை பெயர்! மருமகன் நாலு ஆங்கிலச் சொல்லை வைத்துச் சமாளிக்கிறான்: ஸ்னோ, ஸ்லஷ், ஐஸ், பிளாக் ஐஸ். கடைசியாகச் சொன்னதுதான் ஆளைக் கொல்வது. தார் ரோட்டின் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிசாக உறைந்திருக்கும், கீழே உள்ள கறுப்பு அப்படியே தெரிவதால் ஐஸ் இருப்பதே தெரியாது.

இப்போது நாம் ஓட்டுகிற வடிவத்துச் சைக்கிள், சம அளவில் ரெண்டு சக்கரம், சங்கிலி, எல்லாம் 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிளோடு நிலைபெற்றது. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். அடுத்த பன்னிரண்டே வருஷத்தில் அதைப் பனிக்காட்டுக்குள் ஓட்டியிருக்கிறார்கள். 1896-ல் கனடாவின் குளோண்டைக் ஆற்றுப் பக்கம் தங்கம் கிடைத்தது, டாசன் என்ற ஊர் முளைத்தது. 1899-ல் அலாஸ்காவின் மேற்குக் கரையில் நோம் என்ற இடத்தில் கடற்கரை மணலிலேயே தங்கம் என்று சேதி வந்தது. டாசனிலிருந்து நோம் ஆயிரம் மைலுக்கு மேல். குளிர்காலத்தில் போக நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி வேண்டும். நாய் விலை அதிகம், அதற்குத் தீனி அதைவிட அதிகம். எட் ஜெசன் என்பவர் 1900 பிப்ரவரியில் சைக்கிளில் கிளம்பிவிட்டார். உறைந்து கிடந்த யூகான் ஆற்றின் மேலேயே ஓட்டிக்கொண்டு ஐந்து வாரத்தில் நோம் சேர்ந்தார். குளிர் பூஜ்யத்துக்கும் நாற்பது டிகிரி கீழே இறங்கிய நாட்களில் டயர் ரப்பர் விறைத்தது, பேரிங்குக்குள் எண்ணெய் உறைந்தது, அன்றைக்கு ஓட்ட முடியாது, அவ்வளவுதான்.

அவருக்குப் பின்னாலேயே கிளம்பிய மாக்ஸ் ஹிர்ஷ்பெர்க் என்ற பையனுக்கு இருபது வயது கூட ஆகவில்லை. அவன் போய்ச்சேர மே மாதமாகிவிட்டது. வழியில் சங்கிலி அறுந்துபோனது. ஒரு குச்சியை வைத்துக் கோட்டைப் பாய் மாதிரி விரித்துக் கட்டி, உறைந்த கடலின் மேல் காற்று தள்ளத் தள்ளச் சைக்கிளில் போயிருக்கிறான். இதை நான் அக்காவிடம் சொன்னபோது நம்பவில்லை. எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் இருந்தது.

இந்த வீரக்கதைகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒரு விவரம். இவர்கள் யாரும் புதுப்பனியில் ஓட்டவில்லை. ஓட்டவும் முடியாது. நாய்வண்டிகள் மாசக்கணக்காகப் போய்வந்து அமுக்கி இறுக்கிய தடம் ஒன்று இருந்தது, சறுக்குவண்டியின் அகலம்தான். அந்தத் தடத்தில் இருக்கிறவரை சைக்கிள் பறந்தது, விலகினால் பனிக்குள் கவிழ்ந்தது. நம்ம கரிசலில் மழை விட்டபின் மாட்டுவண்டிச் சக்கரம் அமுக்கிய தடத்திலேயே சைக்கிளை விடுவோமே, அதேதான். தடம் போட்டவர் யாரோ, ஓட்டினவர் பெயர் மட்டும் புத்தகத்தில்.

டயர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் நிறையவே கிடைக்கிறது. பின்லாந்தின் நோக்கியா நகரத்து ரப்பர் தொழிற்சாலை (அந்தப் போன் கம்பெனியின் முன்னோர்தான்) 1934-ல் பனிக்கென்றே லாரி டயர் செய்தது. பிற்பாடு சைக்கிள் டயரிலும் சின்னச் சின்ன ஆணி பதித்தார்கள், டங்ஸ்டன் கார்பைடு முனை. மருமகன் போட்டிருப்பது ஒரு டயருக்கு நூற்றுச் சொச்சம் ஆணி உள்ளது. ஐஸில் கடிக்கிறது. ஸ்லஷில் ஒன்றும் செய்யாது.

ஒரு சந்தேகம் கேட்டேன்: "மைனஸ் இருபதுல எப்படிடா ஓட்டுற?" "மைனஸ் இருபது சொகம் மாமா, மைனஸ் ஒண்ணுதான் எமன்." காரணம் இருக்கிறது. உருகும் நிலைக்கு அருகில் இருக்கும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும். குளிர் கூடக்கூட அது காய்ந்து கெட்டிப்பட்டு, ஓரளவு பிடிப்புக் கொடுக்கும். சைக்கிள் விழாமல் நிற்பதே சாயும் பக்கம் முன்சக்கரம் திரும்பித் திரும்பிச் சரிசெய்வதால்தான். அப்படித் திரும்ப டயருக்குத் தரையில் பிடி வேண்டும். உலர்ந்த தார் ரோட்டில் கிடைக்கும் பிடியில் ஏழில் எட்டில் ஒரு பங்கு கூட ஈரமான ஐஸில் கிடைக்காது. டொரோண்டோவின் குளிர் பூஜ்யத்துக்கு மேலேயும் கீழேயும் மாறி மாறி ஆடுகிற குளிர். பகலில் உருகும், ராத்திரி உறையும். ஆள் நடந்த கால்தடம், சக்கரத்தடம் எல்லாம் கல்லாகி நிற்கும். காய்ந்த கரிசல் தடத்தில் முன்சக்கரம் மாட்டி விழுந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பின்லாந்தின் ஔலு நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, ரெண்டு லட்சம் பேர் வாழும் ஊர். நம்ம ஐப்பசி மாதிரி அவர்களுக்குப் பனிக்காலம் ரெண்டு மாசத்தில் முடிகிற சமாச்சாரம் இல்லை, அஞ்சு மாசம் போல. அந்த ஊர்ப் பயணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சைக்கிளில். 2013-ல் குளிர்காலச் சைக்கிளுக்கென்றே நடந்த முதல் உலக மாநாடு இங்கேதான். மெட்சோகங்காஸ் என்ற பகுதியில் ஒரு பள்ளி, 1,200 பிள்ளைகள். மைனஸ் பதினேழிலும் ஆயிரம் பேர் அளவுக்குச் சைக்கிளில் வருகிறார்கள் என்கிறார்கள். பள்ளி வாசலில் பனிக்குள் சைக்கிள்கள் நிற்கும் படத்தைப் பார்த்தேன். ரொம்பச் சாதாரணமான சைக்கிள்கள்.

என்ன செய்தார்கள்? கார்கள் பெருகிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1970-களின் தொடக்கத்தில், ஊர் முழுவதற்கும் தனியாகச் சைக்கிள் பாதை வலை ஒன்றைத் திட்டமிட்டார்கள். பெரிய சாலைகளுக்கு அடியில் நிறையச் சுரங்கவழி. அதைவிட முக்கியம் பராமரிப்பு. ராத்திரி பனி விழுந்தால், காலையில் பிள்ளைகளும் வேலையாட்களும் கிளம்பும் முன் முக்கியச் சைக்கிள் தடங்களில் வண்டி ஓடி முடித்திருக்கும். பனியைத் தார் தெரிகிற வரைக்கும் சுரண்டுவதில்லை. அமுக்கி, மேலே பல் வைத்த தகட்டால் கோடு கிழித்து, பொடிச்சரளை தூவி விடுகிறார்கள். உப்பு போடுவதில்லை, கடுங்குளிரில் சாதாரண உப்புக்கு வேலை இல்லை, போட்டால் சகதிதான் மிச்சம். குளோண்டைக்கில் நாய்வண்டிகள் தற்செயலாகச் செய்ததை இந்த ஊர் சம்பளம் கொடுத்துத் தினமும் செய்கிறது.

கோபன்ஹேகன் கடலோரக் குளிர், அங்கே உப்புத்தான். ஆனால் முக்கியச் சைக்கிள் பாதைகளைக் கார் பாதைக்கு முன்னால் சுத்தம் செய்கிறார்கள். பல ஊர்களில் நடப்பது இதற்குத் தலைகீழ். கார் ரோட்டைத் தள்ளிச் சுத்தம் செய்கிற வண்டி, பனியைக் கொண்டுபோய்க் குவிக்கிற இடமே ஓரத்தில் இருக்கும் சைக்கிள் தடம்தான்.

இந்த 'முதலில் எது' என்ற கேள்வியை நேராகக் கேட்டது ஸ்வீடனின் கார்ல்ஸ்கோகா என்ற சிறு நகராட்சி. 2011 வாக்கில் தன் வேலைகளை எல்லாம் ஆண் பெண் சமத்துவக் கண்ணோடு பரிசீலித்தபோது, பனி அள்ளுவதில் என்ன பாகுபாடு இருந்துவிடப் போகிறது என்று சிரித்தார்களாம். பார்த்தால், முதலில் பெரிய ரோடு, கடைசியில் நடைபாதையும் சைக்கிள் பாதையும். காரில் போகிறவர்களில் ஆண்கள் அதிகம். நடந்தும் சைக்கிளிலும், பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு, கடைக்குப் போய், பஸ் பிடித்துப் போகிறவர்களில் பெண்கள் அதிகம். வழுக்கி விழுந்து எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் நடந்து வந்தவர்களே அதிகம், அவர்களில் பெண்கள் அதிகம். வரிசையை மாற்றினார்கள். அதே வண்டி, அதே பனி, செலவும் கூடவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வந்தது. 1991-ல் அறிவொளி இயக்கம், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். பத்து வருஷம் கழித்து, 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது, பிறகு படிப்படியாக மற்றப் பிள்ளைகளுக்கும். நல்ல திட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சைக்கிளைக் கொடுத்தவர்கள் அது ஓடும் பாதையைக் கணக்கில் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட நாட்காட்டியில் அக்டோபரும் நவம்பரும் இருக்கின்றன, கரிசலுக்கும் அதே மாதங்கள்தான்.

எங்கள் பழைய ஊருக்கு இப்போது தார் ரோடு உண்டு. ஆனால் அது ஊர் முகப்போடு நின்றுவிடுகிறது. கிழக்குத் தெருவுக்குப் போகும் கடைசி நானூறு அடி இன்னமும் மண்தான். போன கார்த்திகையில் ஒரு துஷ்டிக்குப் போனபோது, மழை விட்ட காலை, ஒரு பிள்ளை யூனிபார்மோடு அரசு சைக்கிளை அந்த நானூறு அடியும் இழுத்துக்கொண்டு வந்து, தார் ரோட்டில் ஏறினதும் நின்று, கேரியரிலிருந்து குச்சியை உருவி மட்கார்டை வழிக்க ஆரம்பித்தது. கேட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று அப்போது தெரியாது.

தை மாசம் மருமகன் படம் வந்ததும் பதிலுக்கு அதை அனுப்பினேன். அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "குச்சி என்ன மரம் மாமா, வேலிக்கருவையா? ஆணிய விட அது நல்லா வழிக்கும்போல. ஆணி ஸ்போக்ஸ்ல மாட்டுது."