கறளும் கொழுந்துச் சாறும்

தமிழகத்தார் துரு என்பதை இலங்கையில் நாம் கறள் என்கிறோம். கோப்பிச் செடியை அழித்த இலைநோயும் ஆங்கிலத்தில் இரும்புக் கறளின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட அந்நோய் பரவியதன் பின்னரே திம்புள்ளைப் பகுதி தேயிலைக்கு மாறியது. 1885இல் நானுஓயா வரை புகையிரதம் வந்தபோது கனமான இயந்திரங்களும் மலையேறின. தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் ஓயாத அவ்வூர்களில், இயந்திரங்களோடு மெய்யான கறளும் குடியேறியது.

வில்லியம் ஜாக்சனின் உருட்டு இயந்திரத்தையும், சாமுவேல் டேவிட்சன் பெல்ஃபாஸ்டில் தயாரித்த சிரோக்கோ உலர்த்திகளையும் தேயிலை வரலாறு எழுதுவோர் எவரும் மறப்பதில்லை. அவற்றை மழையிலிருந்து காத்தது எப்படி என்று எழுதியவர்கள் குறைவு.

இதில் சுவையான இரசாயனம் ஒன்று உண்டு. வாடவைத்த கொழுந்தை உருட்டும்போது கசியும் சாறு இரும்பைத் தொட்டால் கருத்துவிடும். உருட்டு மேசைகளில் பித்தளையைப் பதித்ததற்கு இதுவே காரணம். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினையால்தான். துவர்ப்புப் பொருள் இரும்புடன் பிணைந்து கரையாத கருமையாகிறது. நூதனசாலைகளில் பழைய இரும்புப் பொருள்களின் மீது தானிக் அமிலம் பூசுவதும் இவ்வடிப்படையிலேயே. எஞ்சிய செங்கறள் கறுத்து இறுகி, மேலும் அரிப்பதைத் தாமதப்படுத்தும். தேயிலையில் இருப்பது அதே அமிலம் அன்று, நெருங்கிய உறவு எனலாம்.

ஸ்டோர் என்று தோட்டத்தார் அழைக்கும் தொழிற்சாலைகளில் பிட்டர்மாரின் வழக்கமான ஆயுதங்கள் மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் எமரித் தாளுமே. அமிலம் விரைவானது, ஆனால் பொல்லாதது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கறளைத் தின்று முடித்ததும் இரும்பையும் தின்னத் தொடங்கும். சோடா நீரில் கழுவி, உலர்த்தி, உடனே எண்ணெய் பூசாவிட்டால் சில மணி நேரத்திலேயே மீண்டும் சிவக்கும். பொஸ்பரிக் அமிலம் மெதுவானது, எனினும் ஒரு காப்புப் படலத்தை விட்டுச் செல்லும்.

இக்காலத்து மீயொலித் தொட்டி வேறு வகையானது. செவிக்கு எட்டாத அதிர்வுகள் திரவத்தில் நுண்குமிழிகளை உண்டாக்கி உடைக்கின்றன. தூரிகை புகாத துளைகளிலும் அழுக்கு கழன்றுவிடும். ஆனால் வெறும் நீரில் கறள் கரையாது. சிற்றிக் அமிலம் போன்ற ஒன்று சேர வேண்டும். டீசல் இன்ஜெக்டருக்கும் பெயரிங்கிற்கும் அது வரப்பிரசாதம். ஆளுயர உருட்டு இயந்திரத்தை எந்தத் தொட்டியில் இறக்குவது? அங்கே இன்றும் கைதான்.

அக்கைகளின் கதையே என்னை உறுத்துகிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகி, உதிரிப்பாகம் அரிதாகிப் பழையதைச் சுரண்டித் துடைத்தே ஓட்ட வேண்டியிருந்த அதே ஆண்டுகளில், அவ்வேலை தெரிந்தவர்களும் தலைமன்னாரில் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். இறக்குமதியை நிறுத்திக்கொண்டே பழுதுபார்ப்பவரையும் ஏற்றுமதி செய்த கொள்கையை வேறெப்படி வருணிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கந்தப்பளையின் ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் விடுதியாயிற்று. ஹந்தானையில் 2001இல் தேயிலை நூதனசாலை பிறந்தது. இரண்டிலும் பழைய இயந்திரங்களைக் காணலாம். ஆனால் கறள் நீக்கிய முறைகளை அறிய இயந்திரத்தைப் பார்ப்பது போதாது, பிட்டரைக் கேட்க வேண்டும். அவர்களுள் சிலர் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ஓய்ந்திருக்கிறார்கள். தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழக அரசு தொடங்கிய நீலகிரித் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் வேறு சிலர். அன்று இருபத்தைந்து வயதில் கப்பலேறியவர் இன்று எழுபதைக் கடந்தவர்.